பசிபிக் சூடானால் முண்டியம்பாக்கத்துக்கு என்ன?

2024 டிசம்பர் 2 அன்று, விழுப்புரம் மாவட்டத்தில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள 452-ம் எண் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ஓடியது. தென் மாவட்டங்களுக்குப் போகும் ரயில்கள் பல ரத்தாயின. சில மாற்றுத் தடத்தில் திருப்பிவிடப்பட்டன. அதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தமிழகம் முழுவதற்குமான வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதச் சராசரியே 44 செ.மீ.தான். இத்தனைக்கும் அந்த ஆண்டு பசிபிக் பெருங்கடல் லா நினாவை நோக்கிக் குளிர்ந்துகொண்டிருந்தது. லா நினா வந்தால் நம் வடகிழக்குப் பருவமழை குறையும் என்பதுதான் பழைய பதிவேடுகள் காட்டும் பொதுப்போக்கு. மழையோ சராசரியைவிட 33 சதவீதம் கூடுதலாகப் பெய்து ஓய்ந்தது. அப்படியென்றால் எங்கோ ஒரு கடலின் சூட்டை அளந்து இங்கே மழையைக் கணிப்பது வீண் வேலையா? வீண் இல்லை. அந்தக் கணிப்பை நாம் வாசிக்கும் விதத்தில்தான் இரண்டு பிழைகள் இருக்கின்றன. நாட்டுக்குச் சொன்னதை நமக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

அளக்கப்படும் கடல் முண்டியம்பாக்கத்திலிருந்து சுமார் 15,000 கி.மீ. தொலைவில், நடு பசிபிக்கில் நிலநடுக்கோட்டின் இருபுறமும் கிடக்கிறது. நங்கூரமிட்ட மிதவைகள் அங்கே மேல்மட்ட நீரின் வெப்பத்தையும், அதற்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழம் வரையிலான வெப்பத்தையும் ஓயாமல் குறித்து அனுப்புகின்றன. செயற்கைக்கோள்கள் மேலிருந்து சரிபார்க்கின்றன. வழக்கமான ஆண்டில் கிழக்கிலிருந்து வீசும் காற்று வெந்நீரையெல்லாம் இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவித்துவைக்கும். அந்தக் காற்று தளர்ந்தால் குவிந்த வெந்நீர் தென் அமெரிக்காவை நோக்கித் திரும்பி வழியும். நடு பசிபிக் சராசரியைவிட அரை டிகிரி செல்சியஸ் சூடாகி, அந்தச் சூடு மாதக்கணக்கில் நிலைத்தால் எல் நினோ என்கிறார்கள். அதே அளவு குளிர்ந்து நிலைத்தால் லா நினா. அரை டிகிரி நம் கைக்குத் தெரியாத வேறுபாடு. ஆனால், அது பரவியிருக்கும் பரப்பு பல லட்சம் சதுர கிலோமீட்டர். வெந்நீருக்கு மேலே காற்று எழும். எழுந்த காற்று வேறெங்காவது இறங்கியாக வேண்டும். எழும் இடத்தில் மேகம் கட்டும், இறங்கும் இடத்தில் வானம் வெளுக்கும். வெந்நீர் இடம் மாறும்போது உலகத்தின் மழையும் வறட்சியும் சேர்ந்தே இடம் மாறுவதற்கு இதுதான் காரணம்.

இந்தத் தொடர்பைத் தேடும் வேலையில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்குக் காரணம் பஞ்சம். தமிழகம் இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும், 1876-ல் தொடங்கிய பேரழிவின் பின்னணியில் 1877-78-ன் கடுமையான எல் நினோவும் இருந்தது என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதும் தானியத்தைக் கப்பலேற்றிய ஆட்சி அந்தப் பஞ்சத்தைப் பன்மடங்காக்கியது என்பது தனிக்கதை. 1899-ல் மீண்டும் பருவமழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், உலகெங்கிலும் இருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி, அவற்றுக்கும் இந்திய மழைக்கும் உறவு உண்டா என்று தேடினார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அது இறங்கினால் இது ஏறுகிறது என்ற ஏற்றப்பலகை ஆட்டத்தைக் கண்டு, தெற்கு அலைவு என்று பெயரிட்டார். அந்த ஆட்டத்தையும் பெரு நாட்டு மீனவர்கள் பெயர் வைத்த எல் நினோவையும் ஒரே இயக்கத்தின் இரு முகங்களாக யாக்கோப் பியர்க்னஸ் விளக்கியது 1969-ல்தான். வாக்கரால் உறவைக் காண முடிந்தது, நம்பத்தக்க கணிப்பாக மாற்ற முடியவில்லை. உறவு வேறு, கணிப்பு வேறு என்ற இந்தப் பாடம் இன்றைக்கும் செல்லும்.

முதல் பிழைக்கு வருவோம். எல் நினோ என்ற சொல் தொலைக்காட்சியில் வந்தாலே வறட்சி என்று பொருள் கொள்ளப் பழகிவிட்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்கு அது பெருமளவு பொருந்தும். வெந்நீர் கிழக்கே போய்விட்டால், எழும் காற்றும் அங்கே போய்விடுகிறது. இந்தியாவின் தலைக்கு மேல் இறங்கு காற்று அமுக்குகிறது. 2023-ல் எல் நினோ வளர்ந்தபோது, 1901 முதல் இருக்கும் பதிவேட்டிலேயே மிக வறண்ட ஆகஸ்ட் மாதத்தை நாடு கண்டது. ஆனால், விழுப்புரம் மாவட்டத்தின் ஏரிகளை நிரப்புவது பெரும்பாலும் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அக்டோபரில் காற்றின் திசையே மாறிவிடுகிறது. எல் நினோ ஆண்டில் இந்தோனேசியப் பக்கம் இறங்கும் காற்று நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கே பாய்கிறது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று வலுத்து, கடலின் ஈரத்தைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அள்ளி வருகிறது. ஆகவே, நாட்டின் பெரும்பகுதிக்குக் கெட்ட செய்தியான எல் நினோ, திண்டிவனம், விக்கிரவாண்டி, வானூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் மழைச் செய்தி. லா நினாவோ வடக்கே கொண்டாடப்படும்போது இங்கே யோசிக்க வேண்டிய செய்தி. டெல்லியிலிருந்து வரும் தலைப்பை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால், நமக்கு நேர் தலைகீழான பொருள் கிடைக்கும்.

இதில் இன்னொரு கடலும் சேர்கிறது. இந்தியப் பெருங்கடலுக்கென்றே ஒரு ஏற்றப்பலகை உண்டு என்பதை 1999-ல் என்.எச்.சாஜி, தோஷியோ யமகதா உள்ளிட்டோர் எடுத்துக்காட்டினார்கள். ஆப்பிரிக்கா பக்கம் கடல் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் அது நேர்மறை இருமுனை, மாறினால் எதிர்மறை. நேர்மறை ஆண்டில் நம் வடகிழக்கு மழைக்கு ஊக்கம் கூடும், எதிர்மறை ஆண்டில் குன்றும் என்பது பொதுப்போக்கு. இரண்டு கடல்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் சாய்வு கூடும், எதிரெதிரே இழுத்தால் குறையும் என்று எதிர்பார்க்கலாம். 2016-ல் இரண்டும் வறட்சிப் பக்கமே சாய்ந்தன. இந்தியப் பெருங்கடலின் எதிர்மறை நிலை அந்த ஜூலையிலேயே வெளிப்படையாகத் தெரிந்தது. வடகிழக்குப் பருவத்தில் தமிழகம் இழந்தது 62 சதவீத மழையை. பதிவேட்டின் மிக மோசமான பருவங்களில் அது ஒன்று. 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, 2015-ல், வலிமையான எல் நினோ. பருவமழை 53 சதவீதம் கூடுதல், சென்னை மூழ்கியது. இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்கள், கடல் சொன்னால் மழை கேட்கும் என்றே நம்பிவிடுவார்கள்.

அங்கேதான் இரண்டாவது பிழை. 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் லா நினா ஆண்டு. இந்தியப் பெருங்கடலும் எதிர்மறையாகவே இருந்தது. 2016-ல் இருந்த அதே இரண்டு அறிகுறிகள். ஆனால், மழை 59 சதவீதம் கூடுதல். தாழ்வு மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த நவம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டு எல்லிஸ் சத்திரம் அணைக்கட்டை உடைத்துக்கொண்டு போனது. 2010-லும் லா நினா, மழை கணிசமாக அதிகம். 2018-ல் எல் நினோ உருவாகிக்கொண்டிருந்தபோது மழை 24 சதவீதம் குறைந்தது. இவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நிற்கும் உண்மை அடக்கமானது. கடல் வெப்பம் தாயக்கட்டையின் ஒரு முகத்தில் சிறிது ஈயத்தை ஏற்றுகிறது. நூறு முறை உருட்டினால் அந்த ஈயம் தன் வேலையைக் காட்டும். ஒரு முறை உருட்டினால் எந்த முகமும் விழலாம். 2016-ஐயும் 2021-ஐயும் அருகருகே வைக்காமல் எல் நினோவைப் பற்றிப் பேசுகிறவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

இதைக் கேட்டதும் எழும் ஆட்சேபம் நியாயமானது. ஒரே அறிகுறி ஒரு ஆண்டு பஞ்சத்தையும் இன்னொரு ஆண்டு வெள்ளத்தையும் கொண்டுவரும் என்றால், அந்த அறிகுறியால் என்ன பயன்? பேசாமல் ஐந்து நாள் வானிலை அறிக்கையோடு நின்றுவிடலாமே? பயன் உண்டு, ஏனென்றால் ஐந்து நாளில் எடுக்க முடியாத முடிவுகள் இருக்கின்றன. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயியின் கணக்கைப் பாருங்கள். முன்பட்டக் கரும்பு டிசம்பர், ஜனவரியில் நடப்படுகிறது. வெட்டு உத்தரவு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். நடுவில் வரும் சித்திரை, வைகாசி வெயிலை அந்தக் கரும்பு கடப்பது, முந்தைய ஐப்பசி கார்த்திகை மழை கிணற்றில் விட்டுச்சென்ற நீரால். விதைக்கரணைக்கான நாற்றங்காலை அதற்கும் பல மாதம் முன்பே போட வேண்டும். மறுதாம்பை இன்னொரு ஆண்டு வைத்துக்கொள்வதா, அழித்துவிட்டு மல்லாட்டையோ உளுந்தோ போடுவதா என்ற முடிவும் மழை வருமுன் எடுப்பதுதான். ஏரியை நம்பிச் சம்பா நடுபவர் நீண்டகால ரகமா, குறுகியகால ரகமா என்று தேர்ந்தெடுப்பது ஆவணியில். இவர்களில் யாருக்கும் உறுதி தேவையில்லை. உறுதியை அவர்கள் எப்போதும் பெற்றதும் இல்லை. தராசு இந்த ஆண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால், ஐந்து ஏக்கரில் ஓர் ஏக்கரை மாற்றிப் போடலாம். ஒரு ஆண்டு தவறினாலும் பத்தாண்டுக் கணக்கில் அது லாபத்தில் முடியும்.

இந்த விஷயத்தில் தமிழகத்துக்கு மற்ற பெரும்பாலான மாநிலங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பசிபிக் எந்தப் பக்கம் போகும் என்பதை மார்ச், ஏப்ரலில் கணிப்பது மிகக் கடினம். அந்த மாதங்களில் போடும் கணக்குகள் அடிக்கடி பொய்க்கும். வடக்கு, நடு இந்திய விவசாயிக்கு அந்தக் கலங்கிய மாதங்களில் சொன்னதை வைத்துத்தான் ஜூன் விதைப்பு. ஆகஸ்ட், செப்டம்பர் ஆகும்போது கடல் ஏறக்குறைய தன் பக்கத்தைத் தேர்ந்துவிடுகிறது; எல் நினோவோ லா நினாவோ உச்சம் தொடுவது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. நம் பருவம் சரியாக அந்த உச்சத்தில் வருகிறது. ஆக, பசிபிக்கின் நிலையை நாட்டிலேயே நம்பகமாக முன்கூட்டி அறியக்கூடிய பருவம் நம்முடையது. அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? இந்திய வானிலை ஆய்வுத் துறை செப்டம்பர் இறுதியை ஒட்டி வெளியிடும் வடகிழக்குப் பருவ அறிவிப்பில் முதன்மையாக நிற்பது, தமிழகம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, கேரளம், தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்துக்கும் சேர்த்த ஒரே எண். கடப்பையும் கொச்சியும் கடலூரும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. நிகழ்தகவு வரைபடமும் கூடவே வருகிறது; அது ஏரிப் பாசனச் சங்கம் வரை வந்து சேர்வதில்லை.

பருவம் முழுவதற்குமான மொத்த மழை ஒரு கேள்வி. எந்த நாளில், எந்த ஊரில் கொட்டும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கணிப்பின் மீதே நம்பிக்கை போகிறது. 62 சதவீதம் குறைந்த 2016-ல்தான் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைச் சூறையாடியது. லா நினா நிலவிய 2011-ன் டிசம்பர் 30-ல்தான் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. எல் நினோ ஆண்டான 2023-ல் மாநிலத்தின் மொத்த மழை ஏறக்குறைய இயல்பான அளவுதான். ஆனால் டிசம்பர் 17-18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே நிற்கும் என்பதைச் செப்டம்பர் மாதத்துப் பசிபிக் சொல்லியிருக்கவே முடியாது. அதைச் சொல்வது வேறு கருவிகளின் வேலை. வானிலை ஆய்வுத் துறை வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான முன்கணிப்பை வெளியிடுகிறது. பிறகு ஐந்து நாள் அறிக்கை. கடைசியில் ரேடார் காட்டும் சில மணி நேரம். இது ஒரு ஏணி. மேல்படியில் நின்று கீழே கிடக்கும் ஊசியைத் தேட முடியாது. கீழ்ப்படியில் நின்று தொலைவையும் பார்க்க முடியாது. கடல் வெப்பம் மேல்படி. எவ்வளவு ஆயத்தம் வேண்டும் என்பதை அது சொல்லும். எப்போது ஓட வேண்டும் என்பதைக் கீழ்ப்படிகள் சொல்லும்.

அணை நிர்வாகத்தில்தான் இந்த வாதம் கடுமையான எதிர்ப்பைச் சந்திக்கும். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தால் எந்த அணையாலும் அதைப் பிடித்து வைக்க முடியாது என்று பொறியாளர்கள் சொல்வது சரியே. மழையை நம்பி அணையைக் காலியாக வைத்து, மழை பொய்த்தால் விவசாயிக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியும் சரியே. ஆனால், கேட்பது அணையைக் காலி செய்வதை அல்ல. ஈரப் பக்கம் சாய்ந்த ஆண்டில் பருவத் தொடக்கத்தில் சில அடி குறைத்து வைப்பதும், வறட்சிப் பக்கம் சாய்ந்த ஆண்டில் கிடைத்த முதல் மழையையே பிடித்து நிரப்புவதும், வியாழக்கிழமைக் கணிப்பு மாறினால் அதையும் மாற்றுவதுமே கோரிக்கை. சாத்தனூரின் 119 அடிக்கும், வீடூர் அணையின் 32 அடிக்கும் எல்லா ஆண்டும் ஒரே அட்டவணை என்பது, எல்லா ஆண்டும் கடல் ஒன்றுபோல் இருக்கிறது என்று பாவனை செய்வதற்குச் சமம். 2015-ல் எல் நினோ பல மாதம் முன்பே தெரிந்திருந்தும், சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரி கையாளப்பட்ட விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னர் குறைகூறியது நினைவிருக்கட்டும்.

இன்னோர் ஆட்சேபம் ஆய்வாளர்களிடமிருந்தே வரும். புவி சூடாகிறது, இந்தியப் பெருங்கடல் வேகமாகச் சூடாகிறது, பழைய ஆண்டுகளின் உறவை வைத்து வரும் ஆண்டுகளைக் கணிக்கலாமா? எல் நினோவுக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் இருந்த உறவு தளர்ந்துவிட்டதை கிருஷ்ணகுமார், ராஜகோபாலன், கேன் மூவரும் 1999-லேயே சுட்டிக்காட்டினார்கள். வடகிழக்குப் பருவத்தின் உறவும் காலத்துக்குக் காலம் இறுகித் தளரக்கூடியதே. தாயக்கட்டையில் ஏற்றிய ஈயம் அசைகிறது என்பதற்காக, கட்டையில் ஈயமே இல்லை என்று ஆடக் கூடாது. அடிக்கடி எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஆண்டும் சொன்னது என்ன, பெய்தது என்ன என்பதை மாவட்ட வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுவது முதல் படி. பஞ்சாங்கம் சொன்ன மரக்கால் மழைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அறிவியலுக்குக் கணக்குக் கேட்கலாம், கேட்க வேண்டும். அதுதான் அதன் பெருமை.

நிகழ்தகவு விவசாயிக்குப் புரியாது என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. மானாவாரி நிலத்தில் ஒரே பயிரைப் போடாமல் கலப்புப் பயிர் போடுகிறவரைவிட நிகழ்தகவு அறிந்தவர் யார்? அவருக்குப் புரியாதது, ஐந்து வட்டாரங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்படும், சராசரியில் 112 சதவீதத்துக்கு மேல் என்ற எண்தான். ஆவணி முடிவதற்குள், மாவட்டத்துக்கு மாவட்டம், பத்தில் எத்தனை பங்கு மழை கூடும், எத்தனை பங்கு குறையும் என்று தமிழில் எளிமையாகச் சொல்லுங்கள். அந்தச் சாய்வுக்கு ஏற்ற ரகம் எது என்று எண்ணெய்வித்துகளுக்குப் பேர்போன திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் அதோடு சேர்த்துச் சொல்லட்டும். ஏரியின் மதகையும் கலங்கலையும் வரத்து வாய்க்காலையும் நீர்வளத் துறை எந்தச் சாய்வானாலும் அதற்குள் செப்பனிட்டு முடிக்கட்டும். ஏனென்றால், தூர்வாரிய வாய்க்கால் வறண்ட ஆண்டில் கொஞ்ச நீரையும் ஏரிக்குக் கொண்டுவரும், வெள்ள ஆண்டில் மிஞ்சியதை ஊருக்குள் விடாமல் வெளியேற்றும். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். மேலே சொன்ன தானே, வர்தா, ஃபெஞ்சல் மூன்றும் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவையே. வறட்சி ஆண்டு என்று கேள்விப்பட்டு, புயல் வராது என்று நம்பிப் பதியாமல் விடுகிறவர்தான் அதிகம் இழப்பார் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சேர்த்துச் சொல்லலாம். பசிபிக் அடுத்த முறை சூடானாலும் குளிர்ந்தாலும், 452-ம் எண் பாலத்தின் கீழே எவ்வளவு நீர் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பாலத்துக்கு மேலே இருக்கும் ஏரிகளின் கலங்கல்கள் திறந்திருக்கின்றனவா, அடைத்துக்கிடக்கின்றனவா என்று சொல்ல எந்தக் கடலையும் அளக்க வேண்டியதில்லை.